அட்டை கையில் இருந்தும் ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்கள்

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர விரும்பும் குடும்பங்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, சான்றிதழுக்கு அலைவது, அட்டை வந்ததும் கொண்டுபோய்க் கொடுப்பது என்று சில வருடங்களாகச் செய்துவருகிறேன். தன்னார்வ வேலைதான், சம்பளம் கிடையாது.

இப்போது மனம் சலித்துவிட்டது. அட்டையை வாங்கிப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக்கொள்கிறார்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் மட்டும் போக மாட்டேன் என்கிறார்கள். எங்கள் தெருவில் சர்க்கரை நோயுள்ள பெரியவர் ஒருவருக்குக் கால் பெருவிரலில் புண். மூன்று வாரமாக ஆறவில்லை. "வலியே இல்லையம்மா, தானாக ஆறிவிடும்" என்கிறார். அட்டை இருக்கிறதே என்றால், "அது பெரிய ஆபரேஷனுக்குத்தானே" என்கிறார்.

என் தங்கை மாப்பிள்ளை கணக்காளர், நிறையப் படிப்பவர். "அமெரிக்காவில் குலுக்கல் போட்டு இன்சூரன்ஸ் கொடுத்துப் பார்த்தார்கள், யாருக்கும் ரத்த அழுத்தம்கூடக் குறையவில்லை. இலவசம் என்றால் ஜனங்களுக்கு அலட்சியம்தான் வரும். பணக்காரன் எப்படியும் நன்றாக இருப்பான், ஏழை எப்படியும் சீக்கிரம் போவான். நீங்கள் ஏன் வீணாக அலைகிறீர்கள் அக்கா?" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஏழைக்கும் வசதியானவருக்கும் இடையே உடல்நலத்தில் இருக்கும் ஏற்றத்தாழ்வை அரசுக் காப்பீடு உண்மையிலேயே குறைக்கிறதா? நான் செய்வதில் பயன் இருக்கிறதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பொதுச் சுகாதார மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். முதலில் அந்தப் பெரியவரின் கால். நாளைக்கே அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சர்க்கரை நோய் பல வருடம் இருந்தால் பாத நரம்புகள் மரத்துப்போகும். அதனால் வலி இல்லை என்பது நல்ல சேதி ஆகாது, ஆபத்தே அதுதான். விரல் கறுத்தாலோ, வாடை அடித்தாலோ, சிவப்பு மேலே ஏறினாலோ, காய்ச்சல் கண்டாலோ நாளை வரைகூடக் காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். நேரத்தோடு போய்ப் புண்ணைச் சுத்தம் செய்து, கட்டுப் போட்டு, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, அந்தப் பாதத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டால் ஆற நல்ல வாய்ப்பு இருக்கிறது. தள்ளிப்போட்டால் விரல் போகும், அப்புறம் பாதம், அப்புறம் முழங்காலுக்குக் கீழே.

"அது பெரிய ஆபரேஷனுக்குத்தானே" என்று அவர் சொன்னதை அறியாமை என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏழைகளுக்கென்று அரசுகள் நடத்தும் காப்பீடுகள் பலவும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் கொடுக்கும். புண்ணுக்கு நாள்தோறும் கட்டு மாற்றக் கிடையாது. அதே காலை வெட்டி எடுக்க உண்டு. கலிபோர்னியாவில் அஞ்சல் பகுதி வாரியாகக் கணக்கெடுத்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்றில், சர்க்கரை நோயால் கால் இழப்பவர்களின் விகிதம் ஏழைப் பகுதிகளுக்கும் வசதியான பகுதிகளுக்கும் இடையே பத்து மடங்கு வரை வேறுபட்டது. நோய் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான். ஒருவர் முதல் வாரத்தில் போகிறார், இன்னொருவர் கடைசி வாரத்தில் போகிறார். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

சரி, மாப்பிள்ளைக்கு வருவோம். அவர் சொல்லும் குலுக்கல் நிஜமாகவே நடந்தது. 2008இல் ஓரிகன் மாநிலம், வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிகெய்ட் என்ற அரசுக் காப்பீட்டில் புதிதாக ஆள் சேர்க்க முன்வந்தது. இருந்தது சுமார் 10,000 இடம். பெயர் கொடுத்தவர்கள் ஏறக்குறைய 90,000 பேர். பாரபட்சம் வேண்டாமென்று குலுக்கல் போட்டார்கள். ஏமி ஃபிங்கல்ஸ்டைன், கேத்ரின் பெய்க்கர் ஆகிய பொருளியலாளர்களின் குழு, சீட்டு விழுந்தவர்களையும் விழாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. ஆராய்ச்சி செய்பவர்களுக்கு இது கிடைத்தற்கரிய வாய்ப்பு: இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஜனங்கள், வித்தியாசம் அதிர்ஷ்டம் மட்டும்.

இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஆகிய மூன்றிலும் உறுதியாகச் சொல்லும்படி மாற்றம் தெரியவில்லை. அவசரப் பிரிவுக்கு வருவது குறையும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அது சுமார் 40 சதவீதம் கூடியது. இதுவரைக்கும் உங்கள் மாப்பிள்ளை படித்திருக்கிறார். அதே ஆய்வின் மீதிப் பக்கங்களைப் புரட்டவில்லை போலிருக்கிறது. சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்டு மாத்திரை தொடங்குபவர்களின் எண்ணிக்கை கூடியது. மனச்சோர்வு சுமார் 30 சதவீதம் குறைந்தது. வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வைத்தியத்துக்கே போய்விடும் அவலம் கிட்டத்தட்ட இல்லாமல் போனது.

கணக்காளர் அந்தக் கடைசி வரியில்தான் நின்றிருக்க வேண்டும். காப்பீடு என்பது முதலில் பண விஷயம். வசதியான வீட்டில் ஒருவர் படுத்தால் சேமிப்பு கரையும், அவ்வளவுதான். இல்லாத வீட்டில் ஒருவர் படுத்தால் வட்டிக்குக் கடன் ஏறும், பிள்ளையின் படிப்பு நிற்கும், அடுத்து அந்த வீட்டில் யாருக்கு வலி வந்தாலும் வெளியே சொல்ல மாட்டார். ஒருவரின் நோய் இன்னொருவரின் நோயாக இப்படித்தான் பரவுகிறது. எந்தக் கிருமியும் தேவையில்லை.

அந்த ஆய்வை வைத்துக் காப்பீட்டால் உயிர் பிழைக்கிறார்களா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லவே முடியாது. அதில் இருந்தவர்களில் ரத்த அழுத்தம் கட்டுக்கு மீறி இருந்தவர்கள் ஒரு சிறு பங்கு. சீட்டு விழுந்தவர்களிலும் சுமார் 30 சதவீதம் பேர்தான் கடைசியில் காப்பீட்டுக்குள் வந்து சேர்ந்தார்கள். மற்றவர்கள் படிவத்தைத் திருப்பி அனுப்பவில்லை, அல்லது அனுப்பியும் தகுதியில்லை என்று ஆகிவிட்டது. (அதிர்ஷ்டம் அடித்தும் படிவத்தில் தோற்றவர்கள்! உங்களுக்கு இது புதிதாக இருக்காது.)

மரணத்தைப் பற்றிப் பேச லட்சக்கணக்கில் ஆட்கள் வேண்டும். அந்தக் கணக்கு சற்றும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது, அமெரிக்க வருமான வரித் துறையிலிருந்து. காப்பீடு எடுக்காதவர் அபராதம் கட்ட வேண்டும் என்று அங்கே சட்டம் இருந்த காலம். அப்படி அபராதம் கட்டிய 45 லட்சம் குடும்பங்களுக்கு, காப்பீடு எடுப்பது எப்படி என்று விளக்கி 2017இல் ஒரு கடிதம் அனுப்ப ஏற்பாடானது. ஒதுக்கிய பணம் போதவில்லை. குலுக்கல் முறையில் 39 லட்சம் குடும்பங்களுக்கு மட்டும் கடிதம் போனது. வெறும் ஒரு தாள். அதைப் படித்துக் கூடுதலாகச் சிலர் சேர்ந்தார்கள். பின்னால் கணக்குப் பார்த்தபோது, 45 முதல் 64 வயது வரை உள்ளவர்களில், கடிதம் போன ஒவ்வொரு 1,648 பேருக்கும் ஒரு மரணம் குறைந்திருந்தது.

தபாலில் போன ஒரு தாளுக்கு இந்தப் பலன் என்றால், வீட்டுக்கே போய் உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுப்பவருக்கு எவ்வளவு என்று மாப்பிள்ளையே கணக்குப் போடட்டும். இன்னொன்றும் சொல்லுங்கள். 2014க்குப் பிறகு மெடிகெய்டை விரிவாக்கிய மாநிலங்களையும் விரிவாக்காத மாநிலங்களையும் ஒப்பிட்டபோது, 55 முதல் 64 வயதுக்குள் இருந்த ஏழைகளிடையே மரண விகிதம் விரிவாக்கிய மாநிலங்களில் சுமார் 9 சதவீதம் குறைந்தது தெரிந்தது. நோய் வந்து நிற்கும் வயதில், பணம் இல்லாத கூட்டத்தில்தான் காப்பீட்டின் பலன் பளிச்சென்று தெரிகிறது. ஆரோக்கியமான முப்பது வயதுக்காரர்களை வைத்து அளந்தால் தெரியாது.

"இலவசம் என்றால் அலட்சியம்" என்ற வாதம் பழையது, அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1974 முதல் 1982 வரை ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் ஆயிரக்கணக்கான அமெரிக்கர்களைப் பிரித்து, சிலருக்கு முழு இலவச வைத்தியமும் சிலருக்கு வெவ்வேறு அளவில் கைக்காசு போட வேண்டிய காப்பீடும் கொடுத்தது. கைக்காசு போட வேண்டியவர்கள் டாக்டரிடம் போவது குறைந்தது, உண்மை. ஆனால் தேவையில்லாத வைத்தியம் குறைந்த அதே அளவுக்குத் தேவையான வைத்தியமும் குறைந்தது. எது தேவை, எது தேவையில்லை என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தானே டாக்டரிடம் போகிறோம். சராசரி மனிதரின் உடல்நலத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஏழையாகவும் நோயாளியாகவும் இருந்தவர்களிடம் வேறுபாடு தெரிந்தது: இலவச வைத்தியம் கிடைத்தவர்களுக்கு ரத்த அழுத்தம் நன்றாகக் கட்டுப்பட்டது.

கனடாவின் கியூபெக் மாகாணம் 1996இல் மருந்துக்கு நோயாளியும் ஒரு பங்கு கட்ட வேண்டும் என்று விதித்தது. அத்தியாவசிய மருந்துகளை எடுப்பது முதியவர்களிடையே 9 சதவீதமும், அரசு உதவித்தொகையில் வாழ்ந்தவர்களிடையே 14 சதவீதமும் குறைந்தது. அவசரப் பிரிவுக்கு வருவதும், ஆஸ்பத்திரியில் சேருவதும், இறப்பும் கூடின. கட்டணம் எல்லோருக்கும் பொது என்று சொன்னாலும் அது கடிப்பது சிலரை மட்டுமே.

இதை நான் நேரிலும் பார்த்திருக்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் ஒரு பெண்மணி வந்திருந்தார். அளந்தால் 190க்கு 110. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு மாத்திரையையும் நகத்தால் இரண்டாக உடைத்து, மீதிப் பாதியை மருந்துக்கடை ரசீதில் மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். ஒரு மாதத்து மாத்திரையை இரண்டு மாதத்துக்கு இழுக்கிறார். கணக்கில் கெட்டிக்காரர். அவருக்குக் காப்பீடும் இருந்தது. நாளை மூளையில் ரத்தக்குழாய் வெடித்தால் தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள் கணக்கில் படுத்திருக்க அது பணம் கொடுக்கும். வெடிக்காமல் இருக்க வேண்டிய மாத்திரைக்குக் கொடுக்காது.

அதனால் என்னைக் கேட்டால், ஒரு காப்பீட்டுத் திட்டம் ஏற்றத்தாழ்வைக் குறைக்குமா என்று பார்க்க, எத்தனை லட்சம் வரை கொடுக்கிறது என்ற விளம்பரப் பலகையைப் பார்க்கவே வேண்டாம். வெளிநோயாளிக்கும் மாத்திரைக்கும் கொடுக்கிறதா என்று பாருங்கள். வருமானம் குறைந்த நாடுகளில் ஜனங்கள் கையிலிருந்து செய்யும் மருத்துவச் செலவில் பெரும் பங்கு மருந்துக்கே போகிறது. சின்னச் சின்னத் தொகைதான், மாதாமாதம், வருடக்கணக்கில். யாரும் அதைப் பேரிடர் என்று சொல்வதில்லை.

அட்டை இருந்தும் ஏன் போகவில்லை என்று அவர்களிடம் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் கூலி போகும். கூட வருபவருக்கும் கூலி போகும். பஸ் செலவு உண்டு. "காப்பீட்டு நோயாளியா, ஓரமாக உட்காருங்கள்" என்று ஒருமுறை கேட்ட வார்த்தை மனதில் இருக்கும். எல்லாவற்றையும்விட, அட்டைக்கு மேல் எவ்வளவு கேட்பார்களோ என்ற பயம் இருக்கும். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. எல்லாம் இலவசம் என்று சேர்த்துக்கொண்டு, அப்புறம் ஸ்கேனுக்குத் தனி, ரத்தத்துக்குத் தனி, வெளிக்கடை மருந்துக்குத் தனி என்று வாங்கிய ஒரே ஓர் ஆஸ்பத்திரி போதும். தெரு முழுக்கச் சேதி போய்விடும்.

இனி உங்கள் பெரிய கேள்வி. ஏற்றத்தாழ்வு குறையுமா? குறைந்த இடங்கள் உண்டு, எப்படிக் குறைந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தாய்லாந்து 2001இல் ஒரு திட்டத்தைத் தொடங்கி 2002க்குள் நாடு முழுவதும் கொண்டுவந்தது. சங்குவான் நித்தியாரம்போங் என்ற மருத்துவர் பல வருடம் விடாமல் வாதாடியதன் பலன் அது. அரசு ஊழியர்களுக்கும் நிறுவனத் தொழிலாளர்களுக்கும் ஏற்கெனவே தனித்தனித் திட்டங்கள் இருந்தன. மீதி எல்லோரும், ஏறக்குறைய நாட்டில் நான்கில் மூன்று பங்கு, இதற்குள் வந்தார்கள். பிரீமியம் கிடையாது, வரிப்பணத்தில் நடந்தது. ஒரு தடவை போனால் 30 பாட் (அந்த நாட்டு நாணயம்), ஏழைகளுக்கு அதுவும் இல்லை. ஜனங்கள் அதை முப்பது பாட் திட்டம் என்றே அழைத்தார்கள். அதற்கு முன் தாய்லாந்தில் எந்த மாகாணம் ஏழையோ அங்கே பச்சிளம் குழந்தைகள் அதிகம் இறந்தார்கள். திட்டம் வந்த பிறகு அந்தத் தொடர்பே மறைந்துவிட்டது என்று ஜோனதன் குரூபர் முதலான பொருளியலாளர்கள் காட்டினார்கள்.

என் துறையில் இதைவிட உற்சாகம் தரும் கண்டுபிடிப்புகள் குறைவு. ஆனால் அதை அட்டை மட்டும் சாதிக்கவில்லை. அங்கே பணம் ஆபரேஷன் கணக்கில் போகவில்லை. பதிவு செய்த ஆட்களின் தலைக்கு இவ்வளவு என்று அந்தந்தப் பகுதி ஆஸ்பத்திரிக்குப் போனது. ஏழைகள் நிறைய இருந்த பகுதிக்கு அதுவரை கிடைக்காத பணம் கிடைத்தது. அதோடு, படித்து முடிக்கும் மருத்துவர்கள் கிராமப் பகுதியில் வேலை செய்தே ஆக வேண்டும் என்ற விதி 1972 முதலே இருந்தது, அடுத்த பத்தாண்டுகளில் கிராமப் பகுதிகளில் ஆஸ்பத்திரிகளும் எழுந்தன. அட்டையோடு போனவருக்குப் போக ஓர் இடமும் பார்க்க ஒரு டாக்டரும் இருந்தார்கள்.

இன்னோர் உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு 1966 ஜூலை 1 அன்று தொடங்கியது. தென் மாநிலங்களில் அப்போது கறுப்பினத்தவரைச் சேர்க்காத, அல்லது தனி வார்டில் ஒதுக்கிவைத்த ஆஸ்பத்திரிகள் நிறைய. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டப்படி, பாகுபாடு காட்டும் ஆஸ்பத்திரிக்கு மெடிகேர் பணம் கிடையாது என்று அரசு சொல்லிவிட்டது. எத்தனையோ வருடப் போராட்டத்துக்கும் வழக்குக்கும் அசையாத கதவுகள் திறந்தன. சில மாதங்களுக்குள் சுமார் 1,000 ஆஸ்பத்திரிகள் பிரிவினையைக் கைவிட்டன. அடுத்த சில வருடங்களில் மிசிசிப்பி மாநிலத்தில் வயிற்றுப்போக்காலும் நிமோனியாவாலும் இறக்கும் கறுப்பினக் குழந்தைகளின் எண்ணிக்கை சரசரவென்று இறங்கியது. காப்பீடு முதியவர்களுக்கு, பிழைத்தது குழந்தைகள்! பணத்தைக் கொடுப்பவர் நிபந்தனை போடலாம். பல அரசுகள் இந்தப் பலத்தைக் கையில் வைத்துக்கொண்டே பயன்படுத்தாமல் இருக்கின்றன என்பது என் வருத்தம். கூடுதல் காசு வாங்கும் ஆஸ்பத்திரியையும், காப்பீட்டு நோயாளியை ஓரமாக உட்காரவைக்கும் ஆஸ்பத்திரியையும் பட்டியலிலிருந்து நீக்க எந்தப் புதிய கண்டுபிடிப்பும் தேவையில்லை.

கொடுத்ததைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. மெக்ஸிகோவில் வேலையின் வழியாகக் காப்பீடு இல்லாதவர்களுக்கென்று 2004இல் தொடங்கிய சேகுரோ பொப்புலார் திட்டத்தை 2020இல் கலைத்துவிட்டு வேறொரு அமைப்பைக் கொண்டுவந்தார்கள். மருத்துவ வசதி எட்டாதவர்கள் 2018இல் 16 சதவீதம். 2022இல் 39 சதவீதம். அந்த நாட்டின் அதிகாரபூர்வக் கணக்கே இதைச் சொல்கிறது. இடையில் கொரோனாவும் வந்தது என்பதைக் கழித்துக்கொண்டாலும் சின்ன எண் அல்ல.

இப்போது மாப்பிள்ளையின் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்ல வேண்டும். "ஏழை எப்படியும் சீக்கிரம் போவான்" என்று அவர் சொன்னதில் கசப்பு இருந்தாலும் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. பிரிட்டனில் 1948 முதல் எல்லோருக்கும் இலவச வைத்தியம். காப்பீடுகூட இல்லை, நேரடியாக அரசே நடத்துகிறது. ஆனாலும் 1971இல் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற வேல்ஸ் நாட்டுக் குடும்ப மருத்துவர், நல்ல வைத்தியம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் குறைவாகக் கிடைக்கிறது என்று எழுதினார். அரசு நியமித்த குழுவின் தலைவர் டக்ளஸ் பிளாக் 1980இல் கொடுத்த அறிக்கை, மேல்தட்டுக்கும் அடித்தட்டுக்கும் இடையே மரண விகித இடைவெளி குறையவில்லை, சிலவற்றில் கூடியும் இருக்கிறது என்றது. அரசுக்கு அது பிடிக்கவில்லை. விடுமுறை வாரத்தில், 260 பிரதிகள் மட்டும் எடுத்து, சத்தமில்லாமல் வெளியிட்டது. ஒளித்ததாலேயே அந்த அறிக்கை உலகப் புகழ் பெற்றது.

லண்டனில் 1967இல் தொடங்கிய அரசு ஊழியர் ஆய்வும் உண்டு. எல்லோருக்கும் நிரந்தர வேலை, எல்லோருக்கும் ஒரே இலவச வைத்தியம். இருந்தும் கடைநிலை ஊழியர்களின் மரண விகிதம் உயர் அதிகாரிகளுடையதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் முழு இடைவெளியையும் விளக்க முடியவில்லை. ஓய்வில்லாத வேலை, தன் கையில் எந்த முடிவும் இல்லாத நிலை, நெருக்கடியான வீடு, கெட்ட காற்று, கெட்ட தண்ணீர் என்று உடம்பைத் தேய்ப்பவை பல. இவற்றுக்கெல்லாம் எந்தக் காப்பீட்டிலும் மருந்து இல்லை. காப்பீட்டின் பேரைச் சொல்லி இந்தச் செலவுகளைக் குறைக்கும் அரசு, ஏற்றத்தாழ்வைக் குறைப்பதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனால் இதை வைத்துக்கொண்டு காப்பீடு வீண் என்பதும் சரியாகாது. நோய் வருவதில் இருக்கும் ஏற்றத்தாழ்வை அது அதிகம் குறைக்காது. வந்த நோயால் சாவதிலும் கடனாளி ஆவதிலும் இருக்கும் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும். இரண்டும் வேறு வேறு.

உங்கள் வேலையை விட வேண்டாம். கொஞ்சம் இடம் மாற்றிச் செய்யுங்கள் என்பேன். புதிதாகச் சேர்ப்பதைவிட, சேர்ந்தவர்கள் விழுந்துவிடாமல் பார்ப்பது சில சமயம் பெரிய காரியம். அமெரிக்காவில் கொரோனாக் காலத்துச் சலுகை 2023இல் முடிந்து மெடிகெய்ட் புதுப்பிப்பு திரும்ப வந்தபோது 2.5 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பட்டியலிலிருந்து விழுந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமானவர்கள் விழுந்தது நடைமுறைக் காரணங்களால்: படிவம் வரவில்லை, முகவரி மாறிவிட்டது, கடிதத்துக்குப் பதில் போகவில்லை. அதற்கு முன் 2018இல் ஆர்கன்சா மாநிலம், வேலை செய்வதை மாதாமாதம் இணையத்தில் பதிவு செய்தால்தான் காப்பீடு என்றது. சில மாதங்களில் சுமார் 18,000 பேர் காப்பீட்டை இழந்தார்கள். அந்த இணையதளம் இரவு 9 மணிக்கு மூடிக் காலை 7 மணிக்குத்தான் திறக்கும். பகலெல்லாம் வேலை செய்பவர், வேலை செய்வதை எப்போது பதிவார்? அடுத்த ஆண்டு நீதிமன்றம் அதை நிறுத்தியது. ஆகவே யாருடைய அட்டை எப்போது காலாவதியாகிறது, யார் வீடு மாறினார், யாருக்குக் கல்யாணமாகிப் பெயர் வேறு அட்டைக்குப் போக வேண்டும் என்பதற்கு ஒரு நாட்காட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அட்டையைக் கொடுக்கும் அன்றே முடிந்தால் ஒரு முறை கூடப் போய் வாருங்கள். நோய் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டு வரலாம். எந்தக் கவுன்டரில் நிற்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் பயத்தில் பாதி போகும். எந்த மாத்திரை எங்கே இலவசமாகக் கிடைக்கும் என்ற பட்டியலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டில் வராத மருந்து அரசு மருந்தகத்தில் கிடைக்கலாம். இந்த ஒரு தகவல் பல வீடுகளில் அட்டையைவிட அதிகம் பயன்படும்.

உங்கள் பதிவேட்டில் யார் சேர்ந்தார்கள் என்று எழுதியிருப்பீர்கள். பக்கத்தில் இன்னும் மூன்று கட்டம் போடுங்கள்: பயன்படுத்தினாரா, எதற்கு, கைக்காசு எவ்வளவு போனது. ஆறு மாதம் போனதும் ஆண், பெண், தினக்கூலி, தூரம் என்று பிரித்துப் பாருங்கள். அட்டை எல்லோரிடமும் இருந்து, பெண்களும் தொலைவில் இருப்பவர்களும் மட்டும் போகவில்லை என்று தெரிந்தால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு உண்டு. மொத்தம் இத்தனை லட்சம் பேர் பயனடைந்தார்கள் என்ற அறிக்கையில் இந்தப் பிரிவு பெரும்பாலும் இருக்காது. கூட்டிப் பார்க்கும் பொறுப்பை மாப்பிள்ளையிடமே கொடுங்கள், கணக்காளர்தானே.

யாரையாவது ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பினாலோ, தனியாகப் பணம் கேட்டாலோ, அங்கேயே சண்டை போட வேண்டாம், நோயாளிக்குத்தான் கஷ்டம். வைத்தியத்தை முடிக்கவிடுங்கள். வாங்கிய பணத்துக்கு ரசீது கேளுங்கள், மறுப்பு என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் தேதி, நேரம், எந்தப் பிரிவு, என்ன சொன்னார்கள் என்பதை நீங்களே அன்றே எழுதி, நோயாளியின் கையெழுத்தோடு திட்ட அலுவலகத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே ஆஸ்பத்திரியின் மேல் நான்கைந்து புகார் எண்கள் சேர்ந்துவிட்டால் எல்லாவற்றையும் ஒரே மனுவில் இணைத்து மேலதிகாரிக்கு அனுப்பலாம்.